ஊக்கமருந்துத் தடைக் காலத்தைக் கணக்கிடுவது எப்படி?

க்ளோஸ்டெபால் என்பது இத்தாலிய மருந்துக் கடைகளில் கிடைக்கும் சில புண் களிம்புகளிலும் ஸ்பிரேக்களிலும் கலந்திருக்கும் ஒரு ஸ்டீராய்டு. 2016இல் நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேஸ் யோஹாக்கின் சிறுநீரில் அது கண்டறியப்பட்டது. அவருக்கு 18 மாதத் தடை கிடைத்தது. 2022இல் அமெரிக்க லீக்கில் ஆடும் பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரிடம் அதே பொருள் கண்டறியப்பட்டபோது அவர் 80 ஆட்டங்களில் ஆடக் கூடாது என்றார்கள். 2024 மார்ச்சில் டென்னிஸ் வீரர் யானிக் சின்னரிடம் இருமுறை அதே பொருள் தென்பட்டது. ஓராண்டு கழித்து அவர் மூன்று மாதம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இதைப் படிக்கும் எவரும் முதலில் நினைப்பது, பணமும் புகழும் உள்ளவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறொரு நீதி என்பதுதான். அந்தச் சந்தேகத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் சந்தேகப்படுவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தடைக் காலம் என்பது யாரோ மனம்போனபடி எழுதும் எண் அன்று. ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு, ஆதாரங்களுக்கு ஏற்பக் கழித்தும் கூட்டியும் அடையும் விடை. அதை ஒரு செய்தி வாசகரும், பயிற்சியாளரும், பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரும் தாமே போட்டுப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: எந்த விதிப் புத்தகம்?

ஒலிம்பிக் விளையாட்டுகள், டென்னிஸ், கால்பந்து, சர்வதேச கிரிக்கெட் ஆகிய அனைத்தும் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு நெறி என்னும் ஒரே விதித்தொகுப்பின் கீழ் வருகின்றன. 1999இல் தொடங்கப்பட்ட 'வாடா' என்னும் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை அதை வகுத்தது. 2004இல் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அதைச் செயல்படுத்துவது 'நாடா' என்னும் தேசிய ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை. அதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையான சட்ட அடித்தளத்தைக் கொடுத்தது. நெடுங்காலம் தனிவழி நடந்த இந்திய கிரிக்கெட் வாரியமும் 2019 ஆகஸ்டில் நாடாவின் சோதனைக்கு ஒப்புக்கொண்டது.

அமெரிக்கத் தொழில்முறை லீக்குகள் இந்தக் குடையின் கீழ் இல்லை. அங்கே தண்டனை என்பது அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் பேரம் பேசி எழுதிய ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. ஆகவே தண்டனை ஆண்டுக் கணக்கில் வராமல் ஆட்டக் கணக்கில் வரும். மேஜர் லீக் பேஸ்பாலில் திறன் கூட்டும் மருந்துக்கு முதல் முறை 80 ஆட்டங்கள், இரண்டாம் முறை 162 ஆட்டங்கள், மூன்றாம் முறை நிரந்தர நீக்கம். ஒரு பருவத்துக்கே 162 ஆட்டங்கள்தான் என்பதால், முதல் தவறுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரைப் பருவம். என்.பி.ஏ. கூடைப்பந்தில் முதல் முறைக்கு 25 ஆட்டங்கள். ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் நான்காண்டு வீட்டில் உட்காரும் அதே குற்றத்துக்குக் கூடைப்பந்து வீரர் இரண்டு மாதத்தில் களத்துக்குத் திரும்பிவிடுகிறார் என்றால், அதற்குக் காரணம் அறிவியல் அன்று. பேரம் பேசச் சங்கம் இருப்பதும் இல்லாததும்தான்.

விதிப் புத்தகத்தின் பதிப்பையும் கவனிக்க வேண்டும். 2015க்கு முன் கடுமையான முதல் குற்றத்துக்கும் பொதுவான தண்டனை இரண்டு ஆண்டுகளாகவே இருந்தது. 2015 பதிப்பில்தான் அது நான்கானது. இப்போது நடப்பில் இருப்பது 2021 பதிப்பு; அடுத்தது 2027 ஜனவரி 1 முதல் வருகிறது. பழைய வழக்கை இன்றைய அளவுகோலால் அளந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

அடுத்தது: தொடக்க எண்

தடைப்பட்டியலில் உள்ள பொருள்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அனபாலிக் ஸ்டீராய்டுகள், எரித்ரோபொயட்டின் போன்ற ஹார்மோன்கள், மெல்டோனியம் போன்றவை ஒரு வகை. இவை உடலில் தற்செயலாக நுழைவது அரிது என்று விதி கருதுகிறது. ஆகவே கணக்கு நான்கு ஆண்டுகளில் தொடங்குகிறது. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்பதை வீரரே நிறுவ வேண்டும். இருமல் மருந்து, ஆஸ்துமா இன்ஹேலர், சிறுநீர் பெருக்கி மாத்திரை ஆகியவற்றில் இருக்கும் பொருள்கள் பெரும்பாலும் 'ஸ்பெசிஃபைட்' எனப்படும் மற்றொரு வகையில் வரும். இவற்றுக்குக் கணக்கு இரண்டு ஆண்டுகளில் தொடங்கும். வேண்டுமென்றே எடுத்தார் என்று முகமை நிறுவினால்தான் நான்காகும். நிறுவும் சுமை யார் தோளில் இருக்கிறது என்பதுதான் இவ்விரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. நடைமுறையில் பாதி வழக்குகளின் முடிவை அதுவே எழுதிவிடுகிறது.

திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹா ஆசிய தடகளத்தில் 800 மீட்டர் தங்கம் வென்றதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அவருடைய மாதிரியில் நாண்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டு கண்டறியப்பட்டது. அது முதல் வகைப் பொருள். அது எப்படி உடலுக்குள் வந்தது என்பதைத் தீர்ப்பாயம் ஏற்கும் வகையில் நிறுவ முடியாதபோது நான்கு ஆண்டுகள் அப்படியே நின்றுவிட்டன, பதக்கமும் போயிற்று. 2022 டிசம்பரில் எடுத்த மாதிரிகளால் சிக்கிய ஓட்டப்பந்தய வீராங்கனை டுட்டி சந்துக்கும் அதே நான்கு ஆண்டுகள்தான்.

மருந்தே தென்படாத குற்றங்களும் உண்டு. மாதிரி கொடுக்க மறுத்தால் நான்கு ஆண்டுகள். 2024 மார்ச்சில் சோனிபட் தேர்வுப் போட்டியின்போது மாதிரி கொடுக்காத மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவுக்கு நாடா விதித்தது இதுவே. முன்னணி வீரர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை அதில் தவறினால் இரண்டு ஆண்டுகள், பிழையின் அளவைப் பொறுத்து ஓராண்டு வரை குறையலாம். மருந்தை விற்றாலோ மற்றவருக்குச் செலுத்தினாலோ நான்காண்டில் தொடங்கி ஆயுட்காலம் வரை போகும். சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஆயுட்காலத் தடை பெற்றதும் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை இழந்ததும், அவர் தாம் எடுத்துக்கொண்டதற்காக மட்டும் அன்று. அணியில் மற்றவர்களையும் அதற்குள் இழுத்ததற்காகவும்தான்.

கொக்கைன், ஹெராயின், கஞ்சா, எம்.டி.எம்.ஏ. ஆகிய போதைப்பொருள்களுக்கு 2021 முதல் தனி வழி இருக்கிறது. போட்டிக்கு வெளியே, விளையாட்டுத் திறனுக்குத் தொடர்பின்றி எடுத்தது என்று வீரர் நிறுவினால் மூன்று மாதம். மறுவாழ்வுச் சிகிச்சையை முடித்தால் ஒரே மாதம். நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் டக் பிரேஸ்வெல் கொக்கைனுக்காக 2024இல் பெற்ற ஒரு மாதமும், தென்னாப்பிரிக்காவின் ககிசோ ரபாடா 2025இல் பெற்ற ஒரு மாதமும் இந்த வழியில் வந்தவை. 'கொக்கைனுக்கு ஒரு மாதம், இருமல் மருந்துக்காகக் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதமா?' என்று கேட்பவர்களுக்கு விதியின் விடை இது: முன்னது உடல்நலச் சிக்கல், பின்னது போட்டியின் நேர்மை பற்றிய சிக்கல். அந்த விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கின் நடுப்பகுதி: பிழையின் அளவு

வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நிறுவப்பட்டுவிட்டால் நான்கு இரண்டாகும். அதன் பிறகு, வீரரிடம் குறிப்பிடத்தக்க பிழை இல்லை என்று தீர்ப்பாயம் கருதினால் இரண்டு மேலும் குறையும். முதல் வகைப் பொருளாக இருந்தால் பாதிக்குக் கீழே, அதாவது 12 மாதத்துக்குக் கீழே, குறைக்க முடியாது. 'ஸ்பெசிஃபைட்' வகையானாலும், கலப்படமான தயாரிப்பிலிருந்து வந்தது என்று நிறுவப்பட்டாலும் வெறும் கண்டனம் வரை இறங்கலாம். பிழையே இல்லை என்றால் தடையே இல்லை.

டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவாவின் வழக்கில் இந்தப் படிகள் தெளிவாகத் தெரியும். அவர் ஆண்டுக்கணக்காக உட்கொண்டுவந்த மெல்டோனியம் 2016 ஜனவரி 1 அன்று தடைப்பட்டியலில் சேர்ந்தது. ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலிய ஓப்பனில் எடுத்த மாதிரியில் அது இருந்தது. பொருளின் வகைப்படி தொடக்கம் நான்கு ஆண்டுகள். வேண்டுமென்றே விதியை மீறவில்லை என்பதால் இரண்டானது. பட்டியல் மாறியதைக் கவனிக்கத் தவறியது பிழைதான், ஆனால் பெரும் பிழை அன்று என்று லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் முடிவு செய்ததால் 15 மாதம். அது 12க்கும் 24க்கும் இடைப்பட்ட எண் என்பதைக் கவனியுங்கள். கால்பந்து வீரர் பால் போக்பாவின் நான்கு ஆண்டுகள் மேல்முறையீட்டில் 18 மாதமாகக் குறைந்ததும் இதே எல்லைக்குள்தான்.

இப்போது க்ளோஸ்டெபாலுக்குத் திரும்புவோம். யோஹாக்குக்கு வெயிலில் உதடு வெந்துபோயிருந்தது; அணி மருத்துவர் இத்தாலியில் ஒரு களிம்பை வாங்கிக் கொடுத்தார். மருத்துவர் கொடுத்ததை நம்பினேன் என்பது அவருடைய வாதம். அந்தக் களிம்பின் பெட்டியில் ஊக்கமருந்து எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. அவர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. நார்வேயில் 13 மாதம் விதிக்கப்பட்டது. சர்வதேசக் கூட்டமைப்பு அது போதாது என்று மேல்முறையீடு செய்ய, 2017 ஆகஸ்டில் அது 18 மாதமானது. அதனால் 2018 குளிர்கால ஒலிம்பிக் அவருக்குக் கைநழுவியது. மேல்முறையீட்டில் தண்டனை கூடவும் செய்யும் என்பதை வீரர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சின்னர் அந்த மருந்தைத் தொடவே இல்லை. அவருடைய உடலியக்க மருத்துவர் தம் விரலில் இருந்த வெட்டுக்காயத்துக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டு, கையுறை இல்லாமல் அவருக்கு மசாஜ் செய்தார். தனித் தீர்ப்பாயம் பிழையே இல்லை என்றது. உடனிருப்பவர்களின் கவனக்குறைவுக்கும் வீரரே பொறுப்பு என்று வாடா மேல்முறையீட்டுக்குப் போயிற்று. விதிப்படி அங்கே கிடைக்கக்கூடியவை இரண்டுதான்: பிழையே இல்லை என்றால் பூச்சியம், சிறிதேனும் பிழை உண்டு என்றால் குறைந்தது 12 மாதம். நடுவே எண் இல்லை. வழக்குத் தீர்வு ஒப்பந்தம் என்னும் தனி விதியின் கீழ் இரு தரப்பும் உடன்பட்டதால்தான் அந்த மூன்று மாதம் வந்தது: 2025 பிப்ரவரி 9 முதல் மே 4 வரை. அந்த நாள்களுக்குள் ஒரு கிராண்ட் ஸ்லாம் போட்டியும் வராததைப் பலர் சுட்டிக்காட்டினார்கள், சுட்டிக்காட்ட வேண்டியதுதான்.

டாட்டிஸின் வழக்கில் இப்படி எதுவும் நடக்கவில்லை. படர்தாமரைக்கு எடுத்த மருந்தில் இருந்தது என்றார். முதலில் செய்த மேல்முறையீட்டைக் கைவிட்டு 80 ஆட்டங்களையும் ஏற்றுக்கொண்டார். ஒப்பந்தத்தில் எழுதிய எண் அப்படியே விழுந்தது. ஒரே பொருளுக்கு மூன்று தண்டனைகள் ஏன் என்பதற்கு விடை இவ்வளவே: பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டியவர் ஒருவர், பார்க்கப் பெட்டியே இல்லாதவர் ஒருவர், பெட்டியைப் பற்றி யாரும் அதிகம் விசாரிக்காத லீக்கில் ஆடுபவர் ஒருவர்.

கழிவுகளும் கூடுதலும்

நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ தடை வரக்கூடிய வழக்கில், குற்றச்சாட்டுக் கடிதம் கிடைத்த 20 நாள்களுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஒப்புக்கொண்டால் ஓராண்டு கழிக்கப்படும். செய்திகளில் 'மூன்று ஆண்டுத் தடை' என்று படித்தால் பெரும்பாலும் அது நான்கில் ஒன்று கழிந்ததுதான். மற்றவர்களின் குற்றத்தை வெளிக்கொணர உதவினால் தடையின் பெரும்பகுதி, முக்கால்வாசி வரை, நிறுத்திவைக்கப்படலாம். மறுபக்கம், சூழ்நிலை மிகக் கடுமையானது என்றால் இரண்டு ஆண்டு வரை கூடும். இரண்டாம் முறை சிக்கினால் காலம் பெருகும். மூன்றாம் முறை பொதுவாக ஆயுட்காலத் தடை. தடைக் காலத்தில் போட்டியில் பங்கேற்றால் அதே அளவு புதுத் தடை வால் பிடித்து வரும்.

தேதிகளைத் தனியாகக் கணக்கிடுங்கள்

தலைப்புச் செய்தியில் உள்ள மாதங்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். பொதுவாகத் தீர்ப்பு நாளில் தடை தொடங்கும். ஏற்கெனவே அனுபவித்த இடைக்காலத் தடை அதில் கழிக்கப்படும். வீரர் காரணமல்லாத தாமதம் இருந்தால் தொடக்கம் பின்னோக்கி, முந்தைய ஒரு தேதிக்குத் தள்ளப்படலாம்.

பிரித்வி ஷாவின் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2019 பிப்ரவரி 22 அன்று இந்தூரில் எடுத்த மாதிரியில் இருமல் மருந்துகளில் இருக்கும் டெர்பியூட்டலின் தென்பட்டது. இடைக்காலத் தடை ஜூலை 16 அன்று. செய்தி வெளிவந்தது ஜூலை 30 அன்று. ஆனால் எட்டு மாதத் தடையின் தொடக்கம் மார்ச் 16 என்றும் முடிவு நவம்பர் 15 என்றும் வாரியம் அறிவித்தது. அந்த இடைவெளியில் அவர் ஐ.பி.எல். முழுப் பருவமும் ஆடிவிட்டிருந்தார். ஆடிய ஆட்டங்களின் மேல் தடை பின்னோக்கிப் படர்ந்தது. ஜூலை 16 முதல் நவம்பர் 15 வரை எண்ணினால் சரியாக நான்கு மாதம், அதாவது எட்டில் பாதி: உடனே ஒப்புக்கொண்டவருக்குத் தொடக்கத்தைப் பின்தள்ளலாம், ஆனால் பாதியையாவது உண்மையில் கழிக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. யூசுப் பதானின் ஐந்து மாதத் தடை 2018 ஜனவரி 9 அன்று வெளியே தெரிந்தபோது முடிவதற்கு ஐந்து நாள்களே இருந்தன. ஒப்புக்கொண்டதற்காகத் தேதியைப் பின்தள்ளும் அந்தச் சலுகை 2021 நெறியில் இல்லை. அதற்கு ஈடாகத்தான் மேலே சொன்ன ஓராண்டுக் கழிவு வந்தது.

அணியோடு பயிற்சிக்குத் திரும்பும் நாளையும் கணக்கிடலாம். தடையின் கடைசி இரண்டு மாதம் அல்லது கடைசிக் கால்பகுதி, இவற்றில் எது குறைவோ அதில் பயிற்சிக்கு வரலாம். எட்டு மாதத்துக்குக் கால்பகுதியும் இரண்டு மாதம்தான். ஷா செப்டம்பர் நடுவில் வலைப்பயிற்சிக்குத் திரும்ப அனுமதி பெற்றது அதனால்தான்.

பதக்கத்தின் கணக்கு வேறு

போட்டியின்போது எடுத்த மாதிரியில் மருந்து இருந்தால், பிழையே இல்லை என்று நிறுவினாலும் தனிநபர் விளையாட்டில் அந்தப் போட்டியின் முடிவு ரத்தாகும். சின்னரை முதலில் குற்றமற்றவர் என்றபோதே இந்தியன் வெல்ஸ் போட்டியின் புள்ளிகளும் பரிசுப் பணமும் பறிக்கப்பட்டன. அணி விளையாட்டில் ஒருவர் சிக்கினால் அணியின் வெற்றி பொதுவாக நிற்கும். இருவருக்கு மேல் சிக்கினால்தான் அணிக்கும் தண்டனை. தொடர் ஓட்டமோ ஒருவர் சிக்கினாலே நால்வரும் இழக்கும் இடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் 4x100 தங்கத்தை உசேன் போல்ட் 2017இல் திருப்பிக் கொடுத்தது அவர் செய்த குற்றத்துக்காக அன்று. உடன் ஓடிய நெஸ்டா கார்ட்டரின் மாதிரியை மறுசோதனை செய்தபோது சிக்கியதற்காக. மாதிரிகளைப் பத்தாண்டு வரை வைத்திருந்து மீண்டும் சோதிக்கலாம். அதே விதி நமக்கு நன்மையும் செய்திருக்கிறது: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் பஹ்ரைன் வீராங்கனை ஒருவர் பின்னர் தடை பெற்றதால், தமிழ்நாட்டின் ஆரோக்கிய ராஜீவ் இடம்பெற்ற இந்திய அணியின் வெள்ளி தங்கமானது.

கடிதம் உங்கள் வீட்டுக்கே வந்தால்

கடிதம் கிடைத்த தேதியை முதலில் எழுதி வையுங்கள்; 20 நாள் கணக்கு குற்றச்சாட்டுக் கடிதத்திலிருந்து ஓடும், அது விடுமுறைக்காக நிற்காது. பொருளின் பெயரைப் பார்த்து அது எந்த வகை என்பதை அறியுங்கள். தொடக்க எண் நான்கா இரண்டா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பி மாதிரியை, அதாவது உங்கள் மாதிரியிலிருந்து தனியே முத்திரையிட்டு வைத்த இரண்டாம் பகுதியை, திறந்து சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இலங்கை கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா 2015 டிசம்பரில் இடைநிறுத்தப்பட்டு, ஆய்வக முடிவே நிற்காது என்று தெரிந்தபின் 2016 மேயில் விடுவிக்கப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். ஆய்வகமும் தவறும், ஆனால் அரிதாகத்தான் தவறும்.

அதன்பின் வீட்டில் உள்ள எந்த மருந்துப் புட்டியையும் டப்பாவையும் தூக்கி எறியாதீர்கள். பயத்தில் முதலில் செய்யப்படும் தவறு இதுதான். டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக் 2024இல் ஒரு மாதத் தடையோடு தப்பியது, தூக்கத்துக்காக எடுத்த மெலடோனின் மாத்திரைகளை ஆய்வகத்துக்குக் கொடுத்து, தடைப்பட்ட பொருள் அதில் கலந்திருந்ததை நிறுவ முடிந்ததால்தான். மாத்திரை கைவசம் இல்லாவிட்டால் அது வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றிருக்கும். அட்டைப் பெட்டி, தொகுதி எண், வாங்கிய ரசீது, மருந்துச்சீட்டு எல்லாம் சேர்த்து வையுங்கள். உடன் இருந்த பயிற்சியாளர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம். கொடுத்தவரே அவராக இருந்தால், அவருடைய நலனும் உங்கள் நலனும் அந்த நாளிலிருந்து ஒன்றல்ல.

மாதிரி எடுக்கும் நாளிலேயே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அங்கே தரும் படிவத்தில், அண்மையில் எடுத்துக்கொண்ட மருந்துகளையும் சத்துப்பொருள்களையும் எழுதுவதற்கு ஓர் இடம் இருக்கும். எழுதினால் மாட்டிக்கொள்வோமோ என்று இளம் வீரர்கள் பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். இருமலுக்குக் குடித்த சிரப்பின் பெயர் அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் அது பின்னாளில் நேர்மைக்குச் சான்றாக நிற்கும்; கட்டம் வெறுமையாக இருந்தால், விசாரணை மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.